3டி அலைன்மென்ட் மெஷின்: கிருஷ்ணகிரிப் பட்டறையில் ஓடி ஓடித் தெரிந்தவை

கார்களுக்கும் சிறு பிக்கப்களுக்கும் சக்கரக் கோணங்களை அளக்க இங்கே சில ஆண்டுகளாக ஓடுகிற மெஷின். கேமரா முன்னால், அது பார்த்து அளக்கும் பலகைகள் நான்கு சக்கரத்திலும். பழைய சிசிடி மெஷினில் சக்கரத்தில் மாட்டும் அளவுத் தலைகளில் மின்சுற்று, பேட்டரி எல்லாம் சக்கரத்திலேயே தொங்கும். ஒருமுறை கீழே விழுந்தால் கேலிபரேஷன் போச்சு. இதில் மாட்டுவது வெறும் பலகை என்பதால் அந்தத் தலைவலி இல்லை. தொல்லை வேறு வடிவில் வரும். கிரானைட் லாரி கிளப்பும் தூசி பலகையில் படிந்தாலோ, சாயங்கால வெயில் நேராக விழுந்தாலோ கேமரா திணறும். ஈரத்துணியால் மெல்லத் துடைக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் கீறல்.

அளவு தப்புவதற்கு முதல் காரணம் பலகையை ரிம்மில் பிடிக்கும் கிளாம்ப். ரிம் விளிம்பில் சேறு இருந்தால் நகம் சரியாக உட்காராது. வண்டியைக் கொஞ்சம் பின்னே தள்ளி முன்னே கொண்டுவரும் ரோல்பேக்கில்தான் மெஷின் சக்கரத்தின் சுழல் அச்சைக் கண்டுபிடிக்கிறது. ரிம்மின் கோணலும் அப்போதே கழிந்துவிடும். நடுவில் கிளாம்ப் வழுக்கினால் எல்லாக் கணக்கும் பொய். இரண்டாம் முறை உருட்டும்போது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) 3 நிமிடத்துக்கு மேல் மாறினால் கழற்றி மாட்டிவிடுகிறோம். (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், பிரிண்டில் 0.20 என்றால் டிகிரியா, 20 நிமிடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் குழம்புகிறவர்கள் நிறைய.)

டயரைத் தின்பது பெரும்பாலும் டோதான். ஒவ்வொரு முன்சக்கரமும் 10 நிமிடம் உள்நோக்கித் திரும்பியிருந்தால், கிலோமீட்டருக்கு 2.9 மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டு போகிற கணக்கு. டயர் பட்டன்களின் மேல் குறுக்காகக் கையை ஓட்டினால் ஒரு திசையில் வழவழப்பு, மறு திசையில் ரம்பம். கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், மேல்பக்கம் வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ்) கெட்டால் ரம்பம் இருக்காது, ஒரு ஓரம் மட்டும் மழமழவென்று போகும். மில்லிமீட்டரில் சொல்லும் டோவை எங்கே அளந்தது என்று கேட்க வேண்டும்: 14 அங்குல ரிம்மில் 1 மி.மீ. என்றால் 9–10 நிமிடம், அதையே டயரின் வெளிவிளிம்பில் டேப் பிடித்தால் ஐந்தரை, ஆறு நிமிடம்தான்.

திரையில் பச்சை (எண் கம்பெனி அளவுக்குள் இருக்கிறது) வந்துவிட்டால் வேலை முடிந்தது என்பதை நாங்கள் ஏற்பதில்லை. இடமும் வலமும் தனித்தனியே பச்சையாக இருந்து, இரண்டுக்கும் கேம்பர் வித்தியாசம் 30 நிமிடம் இருந்தால், அதிக பாசிட்டிவ் உள்ள பக்கம் வண்டி இழுக்கும். காஸ்டரில் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் சாய்வு) தலைகீழ்: குறைவாக உள்ள பக்கம் இழுக்கும். மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தண்டு) வைத்த பல சிறு கார்களில் கம்பெனி கொடுத்த திருகல் டோவுக்கு மட்டுமே. குழியில் விழுந்து கேம்பர் போன வண்டிக்குக் கிங்பின் சாய்வையும் (முன்னிருந்து பார்த்தால் அதே அச்சின் சாய்வு) எடுக்க வேண்டும். அதையும் கேம்பரையும் கூட்டினால் வரும் எண் மறுபக்கத்தோடு ஒத்துப்போகாவிட்டால் ஸ்ட்ரட்டோ, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோ வளைந்திருக்கிறது. எண் ஒத்துப்போய்க் கேம்பர் மட்டும் தப்பினால் ஸ்ட்ரட் பாடியில் மாட்டும் மேல் டவரையோ, கீழே குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரையோ பாருங்கள்.

தொப்பூர் இறக்கத்தில் பிரேக் மிதித்தால் மட்டும் இழுக்கிற வண்டியை மெஷினில் ஏற்றுவதே வீண். பிரேக் கேலிபர் பின் இறுகியிருக்கும், இல்லை லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கும். பொதுவாகவே டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) எண்ட், பால் ஜாயின்ட் ஆட்டத்தையும் டயர் காற்றையும் பார்க்காமல் அளவு எடுக்கக்கூடாது. மாம்பழ சீசனில் லோடோடு வரும் பிக்கப்பை இறக்கிவிட்டு வரச் சொல்லிவிடுகிறோம்; ஸ்பிரிங் தாழ்ந்த நிலையில் கோணமே வேறு.

டோவைச் சரிசெய்ய டை ராடைத் திருப்பும்போது ரப்பர் பூட் முறுக்கிக்கொள்ளும், கிளிப்பைத் தளர்த்திவிட்டுத் திருப்புங்கள். லாக் நட் இறுக்கிய பிறகு இன்னொரு முறை எண்ணைப் பார்க்க வேண்டும், இறுக்கும்போதே சில நிமிடங்கள் நகரும்.

மெஷினை விட அடிக்கடி கவனிப்பு கேட்பது முன்சக்கரம் நிற்கும் சுழல் தட்டான டர்ன் டேபிள். சக்கரத்தை இருபுறமும் திருப்பி, கேம்பர் எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்துதான் காஸ்டர் கிடைக்கிறது. தட்டின் அடியில் மண் புகுந்து சிக்கினால், அல்லது பிரேக் பெடலுக்குக் கட்டை கொடுக்காமல் சக்கரம் உருண்டால், காஸ்டர் எண் நம்பும்படி இருக்காது. தட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, லேசாக கிரீஸ் தடவினால் போதும்.