வடக்கே பணித்தளமா, பக்கத்து ஊர் விடுமுறை வேதாகமப் பள்ளியா?

திருச்சபை வாலிபர் ஐக்கியத்தின் ஆண்டுத் திட்டக் கூட்டத்தில் தவறாமல் வரும் கேள்வி இது. மே மாத விடுமுறையில் பிள்ளைகளை மிஷனரிகள் உழைக்கும் வட இந்தியப் பணித்தளத்துக்கு அழைத்துப் போவதா, பக்கத்துக் கிராமத்தில் சிறுவர்களுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த அனுப்புவதா? இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க எந்தச் சேகரத்திலும் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பு) பணம் இருப்பதில்லை. கை தூக்கச் சொன்னால் வடக்குதான் ஜெயிக்கும். ரயில், மலை, புது மொழி, புகைப்படம் என்று அதன் இழுப்பே தனி. ஆனால் இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் ஓய்வுநாள் பள்ளியையும் வாலிபர் கூடுகையையும் தோளில் ஏற்கப்போகிறவர்கள் எதில் தேறுவார்கள் என்று பார்த்தால், என் ஓட்டு பக்கத்து ஊருக்கு.

வடக்கைக் குறைத்துப் பேசவும் முடியாது. திருநெல்வேலிச் சீமைத் திருச்சபைக்கு அந்தப் பாரம் பரம்பரையாக வந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரிப் பணிக்குக் கொடுத்து நடத்துவதைப் பார்த்தார். அடுத்த ஆண்டே நண்பர்களோடு இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். 1909-ல் குருப்பட்டம் பெற்று, இன்றைய தெலங்கானாவிலுள்ள டோர்னக்கல்லுக்குத் தாமே மிஷனரியாகப் போனார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். ஒரு பயணம் என்ன செய்யும் என்பதற்கு இதைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஏறியபோது அவர் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலராகப் பல ஆண்டுகள் வாலிபர்களிடையே உழைத்தவர் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பொறுப்பு முதலில் வந்தது, பயணம் பிறகு.

இன்று நம் பிள்ளைகளை எப்படி அழைத்துப் போகிறோம்? ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில் மால்தோ பழங்குடி மக்களிடையே நம் ஊர் மிஷனரிகள் பலர் உழைத்திருக்கிறார்கள். அங்கே போவதென்றால் திருநெல்வேலியிலிருந்து ரயிலிலேயே இரண்டு இரவுக்குக் குறையாது. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, அதுவும் மே மாத நெரிசலில். மலேரியாவும் காலா அசார் என்ற கருங்காய்ச்சலும் உள்ள பகுதி என்பதால் கொசுவலை கட்டாயம். டிக்கெட், சாப்பாடு, மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் பெரியவர்கள் ஏற்பாடு செய்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு இந்திப் பாடல்களை மனப்பாடம் செய்துகொண்டு ஏறி உட்கார்ந்தால் போதும். இருபது விருந்தாளிகளுக்குச் சமைக்கவும் தண்ணீர் சேகரிக்கவும் மிஷனரியின் மனைவிக்குப் பகல் முழுக்கப் போய்விடும். ஊர் திரும்பிய ஞாயிறு ஆராதனையில் நாலு பேர் சாட்சி சொல்வார்கள். ஜூனில் கல்லூரி திறந்துவிடும்.

இருந்தாலும் வடக்கில் மட்டும் கிடைப்பது ஒன்று உண்டு. இங்கே மைக்கை விடாத பையன் அங்கே வாயில்லாமல் நிற்பான். பேச முடியாததால் கவனிக்கத் தொடங்குவான். நம் ஊர்ப் பெண் ஒருத்தி அந்த மலையில் மால்தோ மொழியில் ஒரு பாட்டியிடம் காய்ச்சல் எப்போது வந்தது என்று விசாரிப்பதையும், அந்தப் பெண்ணின் பிள்ளைகள் தூரத்து விடுதியில் படிப்பதையும் பார்க்கும்போது, ஊழியத்தின் விலை என்ன என்று அவனுக்குப் பிரசங்கம் இல்லாமலே விளங்கும். இதை மறுப்பவன் நான் அல்ல.

கூடவே சட்டத்தையும் நினைக்க வேண்டும். ஜார்க்கண்டில் 2017 முதல் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது. வேறு மாநிலம் போனாலும் இதே கதைதான்: குஜராத்தில் 2003-லேயே வந்து, 2021-ல் இன்னும் கடுமையானது. பாசத்தோடு பிள்ளைகள் கையில் கொடுக்கும் நோட்டும் பென்சிலும் ஆசைகாட்டல் என்று புகாராகலாம். நாம் ரயில் ஏறிவிடுவோம். காவல் நிலையத்தில் பதில் சொல்ல நிற்பவர் அங்கேயே இருக்கும் மிஷனரி. அவர் வர வேண்டாம் என்றால் போகக் கூடாது, அவ்வளவுதான்.

பக்கத்து ஊர் விஷயத்துக்கு வருவோம். பத்து நாள், காலை வேளை, பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை, கடைசி நாள் பவனி. கேட்டால் கொட்டாவி வரும். ஆனால் பாலர் வகுப்பின் இரண்டாம் நாளைப் பாருங்கள். பிளஸ் டூ முடித்த பெண் படத்தைத் தூக்கிப் பிடித்துத் தாவீதின் கதையைத் தொடங்குகிறாள். கோலியாத் வருவதற்குள் ஒரு குழந்தை அம்மாவைக் கேட்டு அழுகிறது. அதைப் பார்த்து இன்னும் மூன்று. சன்னலுக்கு வெளியே வாலிபர் ஆலோசகரான அக்கா நிற்கிறார். உள்ளே போனால் ஒரு நிமிடத்தில் அடக்கிவிடுவார். போகாமல் நிற்பதுதான் அவருடைய வேலை. அந்தப் பெண் கதையை நிறுத்திவிட்டு ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாட்டுக்கு மாறுகிறாள். சாயங்காலம் கோயில் திண்ணையில் பாயை விரித்து, தேநீரோடு, "இன்றைக்கு எங்கே கை நழுவியது?" என்று அக்கா கேட்பார். பதிலை அவளே தேடிச் சொல்வாள். மோர், பிஸ்கட் கணக்கு பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கையில். குறைந்தால் அந்த ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியாரிடம் அவனேதான் போய்ச் சொல்ல வேண்டும். சபையில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்களும் கடைசி நாள் சாப்பாட்டைத் தாங்களே தருவோம் என்று நிற்கும். இரண்டு வீட்டுக்கும் நடப்பது குழுத் தலைவன். சேகர கமிட்டியில் பின்னாளில் அவன் செய்யப்போவதும் பெரும்பாலும் இதுவே.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நாம் வெளியில் பேசுவதில்லை. ராஜ்மகால் மலையில் எந்த வீட்டிலும் தட்டை வாங்கிச் சாப்பிட நம் பிள்ளைகள் தயங்குவதில்லை, படமும் எடுத்துக்கொள்கிறார்கள். பத்து கிலோமீட்டரில் இருக்கும் கிராமத்தில் எந்தத் தெருவில் சாப்பிட்டோம், யார் வீட்டில் தங்கினோம் என்பதற்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. திருச்சபைக்குள் இருக்கும் சாதியை எதிர்த்து நிற்கும் முதுகெலும்பு ஒரு வாலிபனுக்கு இருக்கிறதா என்பது தெரியும் இடம் அதுதான். ஜார்க்கண்டில் அது தெரியாது.

குறைகளும் உண்டு. ராத்திரி வீட்டுக்குப் போய்விடலாம் என்பதால் பாதியில் கழன்றுகொள்வது சுலபம். வேதாகமத்தில் பம்பிலியாவில் பவுலை விட்டுத் திரும்பிய மாற்குவைப் போல மூன்றாம் நாளே காணாமல் போகிறவன் வருஷத்துக்கு ஒருவனாவது இருப்பான். ஆனால் அவன் வீடு பக்கத்தில். அந்த மாற்குவைப் பிறகு சேர்த்துக்கொண்ட பர்னபாவைப் போல மறுபடி கூட்டிக்கொள்ள ஒருவர் அன்று மாலையே போய்க் கதவைத் தட்டலாம்.

கொடைக்கானல் முகாமையும் சிலர் மூன்றாவது வழியாகச் சொல்வார்கள். ஓய்வுக்கு நல்லது, தலைவர்களை உருவாக்கும் பட்டியலில் சேர்க்க மாட்டேன். பயணம் வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்றால் டோர்னக்கல் போகலாம். 1939-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பேராலயத்தில் நம் நாட்டுக் கட்டடக்கலை கலந்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் நாம் ஆள் அனுப்பிய இடம் இன்று ஒரு பேராயரின் கீழ் தன் காலில் நிற்கும் திருமண்டலம் என்பதும் புரியும்.

எங்கள் கமிட்டிக்கு நான் வைக்கும் வரிசை இது. இரண்டு மே மாதம் பக்கத்துக் கிராமத்தில் பொறுப்பைச் சுமந்தவர்களில் நாலைந்து பேர் மட்டும், இருபது பேர் அல்ல, அடுத்து வரும் குளிர்காலத்தில், மிஷனரி அழைத்தால் வடக்கே போகட்டும். அதற்கு முன் ஆறு மாதமாவது இந்தி படிக்கட்டும். பதினெட்டு வயது நிறையாதவர்களை இதில் சேர்க்க வேண்டாம். மிச்சமாகும் ரயில் கட்டணம் அந்தப் பணித்தளத்துக்கே போகட்டும். இப்படிச் செய்தால் கூட்டம் குறைந்துவிடும் என்கிறார் பொருளாளர். குறையும்தான்.