பழைய நம்பரும் போட்ட சாலை வரைபடம், தாராளமாக வாங்கலாம்

வாளையார் வழியாக லோடு ஓட்டுகிறவர்கள் இந்த மடக்கு வரைபடத்தை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். புது எண்ணுக்குக் கீழேயே பழைய எண்ணையும் சின்னதாகப் போட்டிருக்கிறார்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

2010-இல் தேசிய நெடுஞ்சாலை எண்களை மாற்றியபோது சாலை முடிகிற இடமும் சேர்ந்து மாறிவிட்டது. சேலத்தில் கிளம்பி கோயம்புத்தூர், பாலக்காடு, எர்ணாகுளம், திருவனந்தபுரம் என்று கன்னியாகுமரி வரை போன பழைய 47 இப்போது இரண்டு துண்டு: சேலத்திலிருந்து கொச்சி இடப்பள்ளி வரை 544, அதற்குத் தெற்கே 66. மும்பைக்குப் பக்கத்துப் பன்வேலில் தொடங்கி இடப்பள்ளியோடு நின்றுகொண்டிருந்த பழைய 17தான் இந்த 66, அது கன்னியாகுமரி வரை நீண்டுவிட்டது. கஞ்சிக்கோட்டில் வழி கேட்டால் பெரியவர்கள் இன்னும் 47 என்கிறார்கள், பலகையில் 544 இருக்கிறது, புதிதாக வண்டி எடுத்த தம்பிகள் குழம்பிப்போகிறார்கள்.

குறையும் உண்டு. பின்பக்க தூரப் பட்டியலைப் பழைய பதிப்பிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் 17 இன்னும் இடப்பள்ளியிலேயே முடிகிறது. காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு இது கோபம் வரத்தான் செய்யும். 2021-இல் திறந்த குதிரான் சுரங்கப்பாதையைச் சரியாகக் காட்டியிருக்கிறார்கள். தாள் நல்ல கெட்டி, மடிப்பில் கிழியவில்லை. அப்புறம், மலையாளத்தோடு தமிழிலும் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன.