மலைநாட்டில் செடித்தொட்டி: சிலிண்டரா, ஈஸ்டா, சிட்ரிக்கா?

மீன் தொட்டியில் செடி செழிக்கத் தண்ணீரில் காபனீரொட்சைட்டுக் கேஸ் கலக்க மூன்று வழி உண்டு: கேஸ் நிரப்பிய சிலிண்டர், ஈஸ்ட், சிட்ரிக் அசிட். ஆனால் கொழும்பில் மீன் தொட்டி வைத்திருப்பவர் சொல்லும் கணக்கு ஹட்டனுக்கு மேலே சரிவராது. அங்கே தண்ணீர் சாதாரணமாக 28 டிகிரியில் நிற்கும். இங்கே தைக் குளிரில் ஹீட்டர் இல்லாவிட்டால் 18-க்குக் கீழே இறங்கிவிடும். அங்கே சிலிண்டர் காலியானால் ஓட்டோவில் ஏற்றிப்போய் நிரப்பி வரலாம். இங்கே அது ஒரு நாள் பயணம். இரண்டடித் தொட்டியில், சுமார் 60 லீட்டரில், மூன்று வழியையும் பார்த்தபிறகு நான் சிட்ரிக் அசிட், அப்பச் சோடா முறையிலேயே நிற்கிறேன்.

முதலில் ஒன்று. வெண்டியை, பெக்கட்டியை, வோக்கரி போன்ற நம் நாட்டுக் கிரிப்டோகோரைன் செடிகள், அனுபியாஸ், ஜாவா பேர்ன் இவை மட்டும்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால் காபனீரொட்சைட்டே தேவையில்லை. அந்தக் காசில் நல்ல மண்ணும் விளக்கும் வாங்குங்கள். தரையில் புல்போலப் படரும் செடியும் சிவப்பு ரொட்டாலாவும் வேண்டும் என்பவர்களுக்குத்தான் மிச்சம்.

ஈஸ்ட் முறை எல்லாருக்கும் தெரியும்: போத்தலில் சீனித் தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட், மூடியில் ஒரு குழாய். செலவு மிகக் குறைவு. ஆனால் ஈஸ்ட் உயிருள்ள பொருள், சூடு இருந்தால்தான் வேலை செய்யும். பகல் வெயிலில் குமிழி வேகமாக வரும், இரவுக் குளிரில் ஏறக்குறைய நின்றுவிடும். கேஸ் குறைவாக இருப்பதைவிட ஏறி இறங்குவதுதான் செடிக்குக் கெடுதல். இலை ஓரங்களில் கறுப்புத் தாடிப் பாசி பிடிப்பது பெரும்பாலும் அப்போதுதான். இன்னொன்று, அதை நிறுத்த முடியாது. வால்வை மூடினால் போத்தல் வெடிக்கும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் யாருக்கும் இதை நான் சொல்லமாட்டேன். மாத்தளை, மாவத்தகமைச் சூட்டில் ஒருவேளை ஒத்துவரலாம், நான் அங்கே ஓட்டிப் பார்த்தவன் இல்லை.

சிலிண்டர்தான் தரத்தில் முதலிடம், அதில் சந்தேகமே இல்லை. கரண்டில் திறந்து மூடும் சொலனொய்ட் வால்வை டைமரில் போட்டால் விளக்கு எரிய ஒரு மணி நேரம் முன்பு திறக்கும், விளக்கு அணையும்போது மூடும். கரண்ட் போனாலும் தானாக மூடிக்கொள்ளும். குமிழி மாதக்கணக்கில் ஒரே சீராக வரும். வீட்டுக்குப் பக்கத்தில் நிரப்பும் இடம் இருந்தால் இந்தக் கட்டுரையை இதோடு விட்டுவிட்டு சிலிண்டரே வாங்குங்கள்.

எனக்குத் தீர்மானித்தது அந்த நிரப்பும் வேலைதான். எங்கள் டவுனில் அதற்கு இடமில்லை. கண்டிக்கோ கொழும்புக்கோ கொண்டுபோக வேண்டும். உயர் அழுத்தச் சிலிண்டரைச் சனம் நிறைந்த பஸ்ஸில் தூக்கிப்போவது நியாயமில்லை, கொண்டக்டரும் ஏற்றமாட்டார். வான் பிடித்தால் கேஸின் விலையைவிட வாடகை கூட. மலையிலிருந்து சூட்டுக்கு இறங்குகிறோம் என்பதும் உண்டு. காபனீரொட்சைட்டு 31 டிகிரியைத் தாண்டினால் திரவமாக நிற்காது. அளவுக்கு மேல் நிரப்பிய சிலிண்டர் மூடிய வாகனத்தில் வெயிலில் கிடந்தால் உள்ளழுத்தம் மளமளவென்று ஏறும்.

எப்போது தீரும் என்பதும் தெரியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தம் காட்டும் கேஜ் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும், 20 டிகிரியில் சுமார் 57 பார். பாதி தீர்ந்தாலும் அதே 57. திரவம் முடிந்தபிறகுதான் முள் விழத் தொடங்கும். அப்போது சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் மலிவானது என்றால், சில நேரம் மிச்சக் கேஸை ஒரேயடியாகத் தள்ளிவிடும், மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். அதனால் தராசில் நிறுத்துப் பார்ப்பதே வழி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரை அழுத்தப் பரிசோதனைக்குக் கொடுப்பதும் வழக்கம். தூரத்தில் இருப்பவருக்கு இதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் சுமை.

சிட்ரிக் முறைக்கு வேண்டிய இரண்டு தூளும் கேக் சாமான் கடையில் கிடைக்கும். பாதுகாப்பு வால்வும் கேஜும் உள்ள ஸ்டீல் போத்தல் ஒன்று வாங்கினால் போதும். பொதுவான அளவு 200 கிராம் சோடா, 200 கிராம் சிட்ரிக், 300 மில்லிலீட்டர் தண்ணீர். உங்கள் போத்தல் அட்டையில் சொன்னதற்கு மேல் போடாதீர்கள். தூள் இரண்டையும் உலர்ந்தபடியே போட்டு, கடைசியாகத் தண்ணீரை ஊற்றி உடனே மூடியைத் திருகி, மெதுவாக ஆட்ட வேண்டும். உள்ளே இரைவது கேட்கும். போத்தல் கையில் சில்லென்று குளிரும், ஏனென்றால் இந்தத் தாக்கம் சூட்டை உள்ளே இழுக்கும். நம் குளிரில் கொஞ்சம் மெதுவாகத் தொடங்கும், ஆனால் ஈஸ்ட்போலப் படுத்துவிடாது. கேஜ் முள்ளும் கேஸ் குறையக் குறைய இறங்கிவரும், அடுத்தது எப்போது கலக்க வேண்டும் என்று பார்த்தாலே தெரியும். சொலனொய்ட் இதிலும் பொருத்தலாம், நான் பொருத்தியிருக்கிறேன்.

200 கிராம் சோடாவிலிருந்து சுமார் 105 கிராம் கேஸ் வரும். நொடிக்கு ஒரு குமிழி, நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மூன்று வாரம் ஓடும். அதாவது 2 கிலோ சிலிண்டர் ஒன்று ஏறக்குறைய 19 தடவை கலப்பதற்குச் சமம். தூள் கணக்கில் சிட்ரிக் மலிவு என்று சொல்லமாட்டேன். பயணத்தையும் சேர்த்தால்தான் மலிவு. நான்கடித் தொட்டிக்கு இந்தக் கலக்கும் வேலையே தொல்லையாகிவிடும் என்று நினைக்கிறேன். அந்த அளவில் நான் இதை ஓட்டியதில்லை.

தண்ணீரில் கேஸ் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க, பி.எச். (அமிலத்தன்மை), கே.எச். (காபனேற்று வன்மை) இரண்டையும் வைத்துக் கணக்கிடும் அட்டவணையை நம்பாதீர்கள். மலைத் தண்ணீர், அதுவும் பீலித் தண்ணீர், மிக மென்மையானது. கே.எச். ஒன்றுக்கும் குறைவாக இருக்கும்போது சிறு பிழையும் கணக்கைக் கவிழ்த்துவிடும். கேஸ் அளவை நிறத்தால் காட்டும் சிறு குப்பியான டிரொப் செக்கரில் 4 கே.எச். கரைசல் ஊற்றித் தொட்டிக்குள் ஒட்டுங்கள். பச்சை என்றால் லீட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம், நீலம் என்றால் போதாது, மஞ்சள் என்றால் உடனே குறைக்க வேண்டும். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிந்தும் என்பதால் மீனையும் பாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் கேஸ் கூடக் கரையும். கொழும்புக்காரர் சொல்லும் அவ்வளவு குமிழி நமக்குத் தேவைப்படாது.

பில்டருக்கு வருவோம். ஸ்பொஞ்ச் பில்டர் காற்றுக் குமிழியால் ஓடுவதால் நாம் கலக்கும் கேஸை வெளியே தள்ளிவிடும். கரண்ட் இல்லாத நேரத்துக்கு பேட்டரி மோட்டரோடு துணையாக வையுங்கள். தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய கெனிஸ்டர் பில்டரில் கேஸ் வீணாகாது, ஆனால் வைகாசிக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் பாதி நாள் போனால் உள்ளே ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியா சாகும். அதைத் திறந்து அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் மறுபடி ஓடவிட்டால் நாறிய தண்ணீர் தொட்டிக்குள் வரும். அதனால் என் தொட்டியில் கண்ணாடி விளிம்பில் தொங்கும் பில்டர்தான், மணிக்கு 400 லீட்டர் அளவில். மேலே திறந்திருப்பதால் கரண்ட் போனாலும் காற்றுப்படும். தொட்டித் தண்ணீரை விளிம்புவரை வைத்தால் கொட்டும் உயரம் அரை விரல்கூட இராது, கேஸ் இழப்பும் குறையும். வாங்கும்போது கடையிலேயே தண்ணீரில் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். சில மாதிரிகள் தானாகத் தண்ணீரை இழுக்காமல் வெறுமனே சுற்றி மோட்டரை எரித்துக்கொள்ளும். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.