கோட்டைச் சுவருக்குப் படமா, சாய்ந்த விளக்கா?

வேலூர்க் கோட்டைக்கு ராத்திரி அலங்காரம் என்று பேச்சு வந்தாலே, உடனே ப்ரொஜெக்டர் மேப்பிங் என்கிறார்கள். கட்டடத்தை அளந்து, ஜன்னலுக்கு ஜன்னல், தூணுக்குத் தூண் பொருந்தும்படி படத்தை வளைத்துப் பாய்ச்சும் வேலை அது. சுவர் இடிந்து விழுவதாகவே கண் நம்பிவிடும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் இந்தச் சுவருக்கு நான் கேட்பது வேறு: அடியிலேயே விளக்கை வைத்து, கல்லை உரசியபடி ஒளியை மேலே விடுவது.

கணக்கைப் பாருங்கள். 20,000 லூமன்ஸ் (மொத்த ஒளியின் அளவு) ப்ரொஜெக்டரை 20 மீட்டர் அகலம், 12 மீட்டர் உயரத்துக்கு விரித்தால், சுவரில் விழுவது சுமார் 83 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 83 லூமன்ஸ். அகலத்தையும் உயரத்தையும் இருமடங்காக்கினால் 21தான். அதிலும் பெரும்பகுதியைக் கருங்கல் விழுங்கிவிடும். இன்னொன்று, ப்ரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. ஒளி படாத இடம்தான் படத்தில் கறுப்பு. சாலையின் விளக்கு வெளிச்சம் சுவரில் விழுந்தால் படம் வெளிறிவிடும். நடுவில் அகழி வேறு, கருவியைக் கிட்டே கொண்டுபோகவும் வழியில்லை.

சத்துவாச்சாரியில் ஒரு நண்பர் வீட்டு மாடியில், சுண்ணாம்பு அடித்த சுவரில் சின்ன ப்ரொஜெக்டரைப் போட்டுப் பார்த்தோம். சாதாரணக் கோடுகள்தான், ஆனால் சுவர் உள்ளே குழிந்துபோன மாதிரி இருந்தது! அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரெல் 1966இல் இதைவிட எளிமையாகச் செய்தார். அறை மூலையில் வெறும் வெள்ளை ஒளி. அந்தரத்தில் ஒரு கனசதுரம் தொங்கும். கிட்டே போனால் இரண்டு சுவர், அவ்வளவுதான். படமும் இல்லை, கதையும் இல்லை.

நான் கேட்கும் சாய்ந்த ஒளி, கல்லை உரசிப் போவது, இந்த மாயத்துக்கு நேர் எதிர். இல்லாததைக் காட்டாது, இருப்பதைத் துருத்திக் காட்டும். கோட்டைக்குள்ளே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூணில், மொபைல் டார்ச்சை நேரே பிடித்தால் யாளி தட்டையாகத் தெரியும். அதே டார்ச்சைத் தூணை ஒட்டிக் கீழிருந்து பிடியுங்கள். பல் ஒவ்வொன்றுக்கும் தனி நிழல், கண் பிதுங்கி நிற்கும். சிற்பி விட்ட உளித் தடம்கூட மேலே வரும்.

சரி, இதே கோட்டையில் நடந்த 1806 சிப்பாய்ப் புரட்சியைச் சொல்ல வேண்டுமென்றால்? அதற்குப் படம் வேண்டும், சந்தேகமே இல்லை. கோட்டைக்குள்ளே வெள்ளைப் பூச்சுள்ள சுவரில், சுற்று விளக்குகளை அணைத்துவிட்டுக் காட்டட்டும். வெளிமதிலுக்கு மஞ்சள் கலந்த வெள்ளை ஒளி ஒன்றே போதும், அசையாமல். காற்று நின்ற ராத்திரியில் அந்த மதில் அகழித் தண்ணீரில் தலைகீழாக இன்னொரு முறை எழும்பும்.