மருதமுனைக் கைத்தறி: கலியாணத் துணிச் செலவைக் குறைக்க ஒரு நல்ல வழி

கலியாணச் செலவைக் குறைப்பது பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் மண்டபத்தையும் சாப்பாட்டையுமே சொல்கிறார்கள். துணிக்கடைச் சிட்டைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. கூறைச் சேலை ஒன்றுதான். ஆனால் மாமிமார், பெரியம்மாமார், மச்சாள்மார், தோழிப் பெண் என்று முறைக்கு எடுக்கும் சேலைகளும் ஆண்களுக்கான சாரங்களும் சேர்ந்தால் கூறையின் விலையை எளிதாகத் தாண்டிவிடும். பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கமுள்ள மட்டக்களப்பில் அந்த வீட்டுக்கான படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை ஆகியவையும் பெண் வீட்டாரின் கணக்கிலேயே வருகின்றன. தங்கையின் மகளுடைய கலியாணத்துக்கு இவற்றில் பெரும்பகுதியை, கிழக்கிலங்கையின் கைத்தறி நெசவு ஊரான மருதமுனையில் எடுத்தோம். அந்தத் துணிகள் எப்படி இருந்தன என்பதை, கலியாணம் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் பஸ்ஸில் பெரியநீலாவணையைத் தாண்டியதும், பாண்டிருப்புக்கு முன்னதாக, மருதமுனை வந்துவிடும். பிரதான வீதியிலேயே கைத்தறிக் கடைகள் உள்ளன. எனினும் ஒரே நிறத்தில் பல சேலைகள் தேவைப்படுவோர் தறி வைத்திருப்பவர்களிடம் நேரடியாகச் சொல்லி நெய்விப்பதே மேல். நடுவில் மொத்த வியாபாரியும் நகரக் கடை வாடகையும் இல்லாததால் விலை குறைகிறது. கரையின் அகலத்தையும் தலைப்பின் நிறத்தையும் நாமே தீர்மானிக்கலாம் என்பது கூடுதல் நன்மை. நூல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவதால், 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபின் இங்கும் விலை ஏறியது உண்மைதான். அப்படியிருந்தும், அதே பணத்துக்கு நகரத்தில் கிடைக்கும் செயற்கை இழைச் சேலையோடு ஒப்பிட்டால் இதுவே நியாயமான பொருள் என்பேன். கலியாணத்துக்குப் பிறகும் உறவினர் அதை உடுக்கிறார்கள்; அலுமாரியில் மடித்துவைத்து மறக்கும் பரிசாக அது ஆகவில்லை.

துணியின் தரத்தில் எனக்கு முழுத் திருப்தி. பருத்தி என்பதால் நம் பகுதியின் புழுக்கத்துக்கு உடம்பில் ஒட்டாமல் இருக்கிறது. புதிதில் கஞ்சியின் விறைப்பு இருக்கும், ஒரு தடவை தோய்த்ததும் இளகிவிடும். சாரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மருதமுனைச் சாரத்தின் பெயர் நாடறிந்தது.

குறைகளும் உண்டு. அடர் சிவப்பும் கருநீலமும் சாயம் விடுகின்றன. முதல் சில தடவைகள் தனியாகக் குளிர்ந்த நீரில் தோய்க்காவிட்டால் மற்றத் துணிகள் கெட்டுவிடும். சாயத்தொட்டிக்குத் தொட்டி நிறம் சிறிது மாறுவதால், பின்னர் இரண்டு சேலை கூடுதலாகக் கேட்டால் அதே நிறம் கிடைப்பது கடினம். ஆகவே எண்ணிக்கையை முன்கூட்டியே உறுதிசெய்து, ஒரே சாயத்தில் தோய்த்த நூலில் எல்லாவற்றையும் நெய்யச் சொல்ல வேண்டும். சில கடைகளில் இயந்திரத் தறித் துணியும் கலந்து கிடக்கிறது. கையால் நெய்ததில் கரையோரமாக, துணியை விரித்துப் பிடிக்கும் குச்சியின் ஊசித் துளைகள் சிறிதாகத் தெரியும். அதைப் பார்த்து எடுப்பது நல்லது. பட்டுச் சேலையை எதிர்பார்த்துப் போவோருக்கு ஏமாற்றமே மிஞ்சும். கூறைச் சேலையை நாங்களும் வேறிடத்தில்தான் எடுத்தோம்.

மருதமுனை முஸ்லிம்கள் வாழும் ஊர் என்பதால், நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் உள்ளூர்த் தேவையே நெசவாளருக்கு அதிகமாக இருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகளும் தறிகளும் ஓய்ந்திருக்கும். நாள் குறித்தவுடனேயே முற்பணம் கொடுத்து, நிறத் துண்டொன்றையும் ஒப்படைத்துவிட்டு வருவது இருதரப்புக்கும் வசதி. விலையில் ஓரளவு பேசலாம். ஆனால் தறியின் நெடுக்கு நூலான பாவு ஓட்டுவதிலிருந்து மடித்துக் கட்டுவது வரை ஒரு குடும்பமே உழைக்கும் தொழிலில், நம் மிச்சத்தை அவர்களுடைய கூலியிலிருந்து பிடுங்குவதை நான் ஏற்கமாட்டேன். இடைத்தரகு இல்லாததால் கிடைக்கும் மிச்சமே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அந்தப் பணத்தில்தான் மணமக்களின் வீட்டுத் திரைச்சீலைகளையும் படுக்கை விரிப்புகளையும் அங்கேயே எடுத்தோம்.