ஏற்றுமதிக்கு அல்பா கறுவா: கொடுக்கும் விலைக்குத் தகுமா?

இலங்கைக் கறுவாவில் உச்ச தரம் அல்பா. பட்டையைச் சுருட்டிய குழலின் விட்டம் 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. உள்ளே சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்குகள். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். தடித்த ஒற்றைச் சுருளாக, உடைக்கவே கஷ்டமாக இருந்தால் அது காசியா என்ற வேறு இனப் பட்டை.

ஐரோப்பாவில் நல்ல விலை கிடைப்பது வாசத்துக்காக மட்டுமல்ல. கல்லீரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் என்ற வேதிப்பொருள் காசியாவில் அதிகம், இலங்கைக் கறுவாவில் மிகச் சொற்பம். 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மெக்சிகோ பெரிய வாடிக்கையாளர்தான். ஆனால் அங்கே ஓடுவது பெரும்பாலும் தடித்த, மலிவான ரகங்கள். அல்பாவை அங்கே தள்ளப் பார்ப்பது வீண்.

சறுக்குவது கந்தகப் புகையில். பூச்சி வராமலிருக்கவும் மஞ்சள் நிறத்துக்காகவும் போடுவார்கள். ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 150 மில்லிகிராம் சல்ஃபர் டை ஆக்சைடு. பளிச்சென்று ஒரே மஞ்சளாக இருக்கும் கட்டைப் பார்த்து மயங்காமல், அந்த லாட்டுக்கே எடுத்த ஆய்வறிக்கையைக் கேளுங்கள். போன வருஷத்துத் தாள் உதவாது. செம்பழுப்புத் திட்டுகள் இருந்தாலும் தரம் இறங்கும். கட்டின் நடுவிலிருந்து நாலு குழலை உருவிப் பாருங்கள். மேல் வரிசையை எப்போதும் அழகாகத்தான் அடுக்கியிருப்பார்கள்!

42 அங்குலக் குழல் வழியில் உடையும். சில்லறைக் கடைக்கென்றால் 8 சென்டிமீட்டராக வெட்டிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். உதிரும் துண்டுகள் தூளுக்குப் போகும், அந்தக் காசை விலையில் கழிக்கச் சொல்லிப் பேரம் பேசலாம்.