கூலன்ட் குறைகிறதா? தக்கலைப் பக்கம் ஒரு ரேடியேட்டர் கடை

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ரோட்டோரத்தில் ரேடியேட்டர் வேலை மட்டும் பார்க்கிற ஒரு சின்ன ஒர்க்ஷாப் இருக்கிறது. போர்டில் எழுத்தெல்லாம் மங்கிவிட்டது, வெளியே அடுக்கியிருக்கிற பழைய ரேடியேட்டர்கள்தான் அடையாளம். பழைய பிக்அப் வைத்துக்கொண்டு, கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற திரவம்) குறைகிறது ஆனால் எங்கே போகிறது என்று தெரியவில்லை என்று அலைகிறவர்கள் இன்ஜினைப் பிரிக்கிறதுக்கு முன்னால் ஒரு தடவை இங்கே காட்டிவிடுங்கள்.

என்னுடையது 2008 மாடல் டீசல் பிக்அப், வாழைக்குலை ஏற்றி நாகர்கோவில் வடசேரி சந்தைக்கு ஓடுகிற வண்டி. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற ஏற்றத்தில் லோடு இருந்தால் ஹீட் முள் மேலே போய்விடும், ஆறவிட்டுத் திறந்தால் தண்ணீர் குறைந்திருக்கும், ஆனால் நிறுத்துகிற இடத்தில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. முதலில் பார்த்த ஒர்க்ஷாப்பில் ரேடியேட்டர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டை இறக்கணும்" என்று சொல்லி இருபதாயிரம் ஆகும் என்றார்கள். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் இருக்கிற தகடுதான் ஹெட் கேஸ்கெட், அது போனால் தண்ணீர் இன்ஜினுக்கு உள்ளேயே கசியும்.

தக்கலைக் கடைக்கார அண்ணாச்சி அப்படியில்லை. "இன்ஜின் நல்லா ஆறட்டு மக்கா, சூட்டில மூடியைத் தொடப்பிடாது" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஆறினதும் முதலில் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருக்கும், இதில் கருப்பாகத்தான் இருந்தது. அப்புறம் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். விடாமல் குமிழி வந்தால் இன்ஜினில் எரிந்த கேஸ் தண்ணீருக்குள் ஏறுகிறது என்று அர்த்தம், அதுவும் இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை.

அதற்குப் பிறகு இன்ஜினை நிறுத்தி, மூடி இருக்கிற இடத்தில் மீட்டர் வைத்த கைப்பம்ப்பை மாட்டிக் காற்று ஏற்றினார். மூடியில் அழுத்த அளவு 0.9 என்று போட்டிருந்தது, அந்த அளவுக்கு மேல் ஏற்றவே இல்லை, ஏனென்றால் கூட ஏற்றினால் பழைய ரேடியேட்டர் வாய் பிளந்துவிடும். முள் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. டார்ச்சையும் ஒரு சின்னக் கண்ணாடியையும் உள்ளே விட்டுக் காட்டினார். தண்ணீரை இன்ஜினுக்குள் சுற்றவிடுகிற வாட்டர் பம்ப்பின் ஷாஃப்ட்டுக்குக் கீழே ஒரு துளை, அதன் வாயில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் காய்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு திரண்டு இறங்கியது. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வரட்டும் என்று கம்பெனியே விட்டிருக்கிற துளை அது. அதை எம்சீல் வைத்து அடைத்துவிட்டு வருகிற வண்டிகளும் உண்டாம், பேரிங்கும் சேர்ந்து போன பிறகுதான் வருவார்கள் என்றார். வண்டி ஓடும்போது வழிகிறதை ஃபேன் காற்று சிதறடித்துவிடுகிறது, மிச்சம் சூட்டிலேயே காய்ந்துவிடுகிறது, தரையில் எதைப் பார்ப்பது?

அதே கைப்பம்ப்பில் ரேடியேட்டர் மூடியையும் மாட்டிப் பார்த்தார், அழுத்தம் நிற்கவில்லை. ரப்பர் வெடித்திருந்தது. அழுத்தம் நிற்காத மூடி இருந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியே தள்ளிவிடும், ஆக ஏற்றத்தில் ஹீட் ஆனதில் இதற்கும் பங்கு உண்டு.

வாட்டர் பம்ப், அதன் கேஸ்கெட், பெல்ட், மூடி எல்லாம் மாற்றினார். பழைய பம்ப்பைக் கையில் கொடுத்து ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்க்கச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பழைய தண்ணீரை வடித்தபோது செம்மண் நிறத்தில் வந்தது. குளச்சல், முட்டம் என்று கடற்கரைப் பக்கம் ஓடுகிற வண்டிக்காரர்கள் அவசரத்துக்கு உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவது சகஜம், அது உள்ளே துருவும் படிவுமாகக் கட்டி ரேடியேட்டரையே அடைத்துவிடும். இவர் பேட்டரித் தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்துதான் ஊற்றினார். ஊற்றி முடித்தும் விடவில்லை, மூடியைத் திறந்துவைத்து ஐடிலில் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணீருக்கு வழிவிடுகிற வால்வு) திறந்து உள்ளே மாட்டின காற்றெல்லாம் வெளியேறும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். கசிவை அடைக்கிற திரவம் கேட்டு வந்த ஒருவரிடம், அது ரேடியேட்டர் குழாயையும் சேர்த்து அடைக்கும், நான் விற்கமாட்டேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

சாமானும் கூலியும் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது. இப்போது பேச்சிப்பாறை ஏற்றத்தில் லோடோடு போனாலும் முள் பாதியைத் தாண்டுவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. போன் எடுக்கவே மாட்டார். உட்கார நிழல் கிடையாது. பில் கேட்டால்தான் எழுதுவார், அதுவும் துண்டுத்தாளில். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது வடித்த கூலன்ட்டைப் பக்கத்து ஓடையில் ஊற்றினதற்குத்தான், அது இனிப்பாக இருக்கும், நாயோ பூனையோ நக்கினால் செத்துப்போகும். முகத்துக்கு நேராகவே சொன்னேன், "சரி சரி" என்றார், அடுத்த வண்டிக்கு என்ன செய்தாரோ. போகிறவர்கள் ஒரு காலி கேன் கொண்டுபோய் அதில் வடிக்கச் சொல்லுங்கள். காலையிலேயே வண்டியை விட்டுவிடுங்கள், மதியத்துக்கு மேல் போனால் இன்ஜின் ஆறுகிறதுக்குள் கடை சாத்துகிற நேரம் ஆகிவிடும்.